திங்கட்கிழமைப் பனல்கள்

1. பூச்சியம் தசம் ஒன்பது ஏழு

திரையில் நின்ற எண் 0.97. ஹில்டெ அதைப் பேனை முனையால் தட்டினார்.

"இப்பிடி ஒரு டையோடு உலகத்திலயே இல்லை. பனல் சரி, அளவெடுத்ததும் சரி. உங்கட புரோகிராமிலதான் எங்கயோ பிழை."

ஹில்டெ எங்கள் பரிசோதனைக்கூடத்தின் தலைவி. அவர் பேசியது நோர்வேஜிய மொழி. எனக்கு நினைவில் நிற்பது பொருள்தான் என்பதால் எனக்கு வருகிற தமிழிலேயே எழுதுகிறேன். அவர் பருத்தித்துறையில் பிறந்து வளர்ந்தவர் போலத் தெரிந்தால் குற்றம் என்னுடையது.

இது நடந்தது இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், ஒரு பனிக்காலத்தில். ஒஸ்லோவின் கிழக்குப் பக்கம், லொறிகள் வந்து போகிற ஒரு பழைய கட்டடம். அதில் எட்டுப் பேர் வேலை செய்யும் சிறிய கூடம். சோலார் பனல் செய்கிறவர்கள் தங்கள் பனல்களை எங்களிடம் அனுப்புவார்கள். நாங்கள் அளந்து ரிப்போட் கொடுப்போம். நான் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதம் பரீட்சார்த்தக் காலம். என்னை எடுத்ததே ஒரு வேலைக்குத்தான்: அளந்த கேர்வில் இருந்து பனலின் உள்குணங்களைக் கணக்கிடும் புரோகிராம் ஒன்றை எழுத.

"அடுத்த செவ்வாய்க்கிழமை வரைக்கும் பாருங்கோ," என்றார் ஹில்டெ. "சரிவரேல்லை எண்டால் ஜேர்மனியில இருந்து ரெடிமேட் புரோகிராமை வாங்குறதைத் தவிர எனக்கு வேற வழியில்லை."

வாங்கினால் எனக்கு அங்கே வேலை இல்லை. அதை அவர் சொல்லவில்லை. நோர்வேக்காரர் அப்படியான வசனங்களைப் பாதியில் விட்டுவிடுவார்கள். மீதியை நாங்கள்தான் முடித்துக்கொள்ள வேண்டும்.

2. உப்புப் பார்க்கிற வேலை

இதைப் படிக்கிற இளையவர்களில் எல்லோரும் இந்தத் துறை இல்லை என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். பயப்பட வேண்டாம், சூத்திரம் எழுத மாட்டேன்.

ஒரு பனலின் மேல் ஒரு கண வெளிச்சத்தை அடித்து, கரன்ட் எவ்வளவு, வோல்டேஜ் எவ்வளவு என்று எடுத்தால் ஒரு கேர்வ் வரும். வெளிச்சம் அடிக்கிற அந்த மெசினை நாங்கள் ஃபிளாஷர் என்போம். அந்தக் கேர்வின் வளைவுக்குப் பின்னால் ஐந்து எண்கள் ஒளிந்திருக்கின்றன. வெளிச்சத்தால் வரும் கரன்ட், டையோடில் கசியும் கரன்ட், சீரிஸ் ரெசிஸ்டன்ஸ், ஷன்ட் ரெசிஸ்டன்ஸ், கடைசியாக n. பனலில் இருக்கும் ஒவ்வொரு செல்லும் ஒரு டையோடுதான்; இந்த n என்பது அந்த டையோடு எவ்வளவு ஒழுங்கானது என்று சொல்கிற எண். ஒன்று என்றால் அப்பழுக்கில்லாதது. நாங்கள் அளக்கும் சாதாரண சிலிக்கன் பனல்கள் ஒன்றுக்குச் சற்று மேலே நிற்கும். ஒன்றுக்குக் கீழே என்றால், இயற்கை அனுமதித்ததை விட நல்ல டையோடு என்று அர்த்தம். அதாவது பொய்.

இந்த ஐந்தையும் நேரே கண்டுபிடிக்க முடியாது. சமன்பாட்டில் கரன்ட் இரண்டு பக்கமும் நிற்கிறது, பிரித்தெடுக்க வழியில்லை. ஆகவே ஐந்து எண்களை ஊகித்துப் போட்டுக் கேர்வைக் கீற வேண்டும். அளந்த கேர்வோடு ஒப்பிட வேண்டும். எவ்வளவு விலகியது, எந்தப் பக்கம் விலகியது என்று பார்த்து எண்களைத் திருத்த வேண்டும். பிறகு திரும்பவும் கீற வேண்டும். உப்புப் போட்டு, நாக்கில் வைத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் போடுகிற வேலைதான். இனித் திருத்தினாலும் மாறாது என்ற இடத்தில் புரோகிராம் நிற்கும். அதைக் கன்வேர்ஜ் ஆகிவிட்டது என்போம்.

என் புரோகிராம் அழகாகக் கன்வேர்ஜ் ஆனது. கேர்வின் மேல் கேர்வ் படிந்து நின்றது. ஆனால் n மட்டும் 0.97.

அப்போது எங்களிடம் வந்திருந்தது ஒரு சிறிய கம்பனியின் பனல்கள். பழைய முறையில் செய்த செல்கள் ஒரு வரிசை, புதிய முறையில் செய்தவை ஒரு வரிசை. எது நல்லது என்று நாங்கள் சொல்ல வேண்டும். பழையவை எல்லாம் 1.05 பக்கம் நின்றன. புதியவை எல்லாமே ஒன்றுக்குக் கீழே. கூடவே புதியவற்றின் வோல்டேஜும் துள்ளிக்கொண்டு மேலே நின்றது. அந்தக் கம்பனிக்காரருக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். நாள் தவறாமல் ஃபோன் எடுப்பார்.

"வோல்டேஜ் அவ்வளவு கூடியிருக்கெல்லே? நான் சொன்னனான்தானே! ரிப்போட்டை எப்ப தருவியள்?"

எல்லோருக்கும் பிடித்த எண்கள் மேலே நின்றன. யாருக்கும் பிடிக்காத எண் ஒன்றே ஒன்று, அதைச் சொன்னது என் புரோகிராம்.

3. செந்தில் சொன்ன சுருக்குவழி

செந்தில் திருச்சிக்காரர், என்னை விடப் பத்து வயது இளையவர். இந்தியாவில் படித்து நேரே இந்த வேலைக்கு வந்தவர். கூடத்தில் எங்கள் இரண்டு பேருக்கும்தான் தமிழ். ஆனாலும் ஒருவர் கதைப்பது மற்றவருக்கு முழுதாகப் பிடிபட ஒரு மாதம் எடுத்தது.

"சார், இதுக்கு ஏன் சார் இவ்ளோ டென்ஷன்? n கீழ போகக் கூடாதுன்னு ஒண்ணுல லாக் பண்ணிடுங்க. ரிப்போர்ட் க்ளீனா வந்துடும்."

"நீர் சொல்றது விளங்குது. ஆனா பூட்டினால் பிழை எங்கை போகும்?"

"நீங்க 'நீர்'னு சொன்னாலே பழைய ராஜா படம் பாக்கற மாதிரி இருக்கு சார்." சிரித்தார். "சும்மா ஒரு தடவை போட்டுப் பாருங்களேன்."

போட்டுப் பார்த்தேன். n ஒன்றில் முட்டிக்கொண்டு நின்றது, சீரிஸ் ரெசிஸ்டன்ஸ் கீழே இறங்கியது. எதிர்பார்த்ததுதான். பிழையை ஓர் அறையில் இருந்து துரத்தினால் அது அடுத்த அறைக்குள் போய்க் குந்திக்கொள்ளும். வீட்டை விட்டுப் போகாது.

பூட்டைக் கழற்றினேன். நான் கொஞ்சம் முரண்டன். மனைவி இதை விடக் கடுமையான சொல் வைத்திருக்கிறாள். பிழை என்னுடையது என்றால் அதை என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று முடிவெடுத்தேன்.

முதலில் தொடக்க ஊகங்களைச் சந்தேகித்தேன். தவறான இடத்தில் தொடங்கினால் புரோகிராம் தவறான பள்ளத்தில் விழுந்து, அதுதான் அடி என்று நம்பி நின்றுவிடும். நாற்பது வெவ்வேறு இடங்களில் இருந்து தொடங்க விட்டேன். நாற்பதும் 0.97 க்கே வந்து சேர்ந்தன. பிறகு நானே ஐந்து எண்களை எழுதி, அவற்றில் இருந்து ஒரு பொய்க் கேர்வ் செய்து, புரோகிராமிடம் கொடுத்தேன். அது அந்த ஐந்து எண்களையும் பிசகாமல் திருப்பித் தந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்கு ஒன்று நிச்சயமானது. புரோகிராமில் பிழை இல்லை. அப்படியானால் அதற்குச் சாப்பிடக் கொடுத்ததில் பிழை.

இதை ஹில்டெயிடம் சொல்லப் போனேன். அவர் மேலங்கியைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பிறகு ஒரு நோர்வேக்காரரை வேலைத்தலத்தில் மறிப்பது நடவாத காரியம். மலையில் மரவீடு காத்திருக்கும், காரின் மேல் பனிச்சறுக்குக் கட்டைகள் ஏறியிருக்கும்.

"திங்கட்கிழமை கதைப்பம்," என்றார்.

அதே நேரத்தில்தான் அந்தக் கம்பனியின் லொறி அடுத்த தொகுதிப் பனல்களோடு வந்தது. வழக்கம் போல, பின்பக்க மண்டபத்தில் பெரிய கதவோரமாகப் பனல்களைச் சாத்திவிட்டு எல்லோரும் போனார்கள். அதில் யாருக்கும் உறுத்தல் இல்லை. பனல்கள் அளப்பதற்கு முன் ஒரு முழு நாள் கட்டடத்துக்குள் நிற்க வேண்டும் என்பது எங்கள் நடைமுறை. வெள்ளி முதல் திங்கள் வரை என்றால் இரண்டரை நாள். அதற்கு மேல் என்ன வேண்டும்?

4. ஆறு மணி

ஞாயிற்றுக்கிழமை, ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு இருந்தேன். மனைவி சுபா சோற்றுக் கோப்பையை வைக்க இடம் தேடினாள்.

"வேலை போனால் போகட்டும். ஒன்பது வருசம் மொப் பிடிச்சனீங்கள், இன்னும் ஒரு வருசம் பிடிச்சால் கை தேயாது," என்றாள். "பிழையான தாளில மட்டும் கையெழுத்து வைச்சுப்போட்டு வந்து இஞ்சை முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு இராதேங்கோ."

அவள் சொன்னது உண்மை. ஊரில் பௌதிகவியல் படித்துக்கொண்டிருந்தவன் பாதியில் ஓடி வந்தேன். வந்து ஒன்பது வருசம் ஒஸ்லோவின் அலுவலகங்களைத் துடைத்தேன். விடியத் துடைப்பேன், பகலில் படிப்பேன். பட்டத்தைக் கையில் எடுக்கும்போது தலையில் நரை வந்துவிட்டது. இந்த வேலைக்கு விண்ணப்பித்தபோது அந்த ஒன்பது வருசத்துக்கும் 'சேவைத் துறை' என்று எழுதினேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இதை விட வெட்கமான ஒன்றும் இருக்கிறது. எங்கள் கட்டடத்தைத் துப்புரவு செய்தது வசந்தி. திருகோணமலைப் பிள்ளை. முன்பு நானும் அவளும் ஒரே குழுவில் மூன்று வருசம் வேலை செய்திருக்கிறோம். அவள் எட்டு மணிக்கு முடித்துப் போவாள். நான் ஐந்து மாதமாக எட்டரைக்குத்தான் வந்தேன். கூட வேலை செய்பவர்கள் பார்க்க அவள் வந்து உரிமையோடு கதைத்துவிடுவாளோ என்ற பயம். இதை எழுதும்போதும் கூசுகிறது.

அந்தத் திங்கட்கிழமை மட்டும் முடியவில்லை. ஆட்கள் வருமுன் ஃபிளாஷர் எனக்குத் தனியே வேண்டும். ஆறு மணிக்குப் பின்பக்கக் கதவால் நுழைந்தேன். வசந்தி மண்டபத்தில் மொப் போட்டுக்கொண்டிருந்தாள். தடித்த ஜக்கெட்டைக் கழற்றாமலே வேலை செய்தாள்.

"வாங்கண்ணன்," என்றாள். நேற்றுக் கண்டு கதைத்தவள் போல.

"எப்பிடியம்மா இருக்கிறாய்? நான் உன்னை..."

"நீங்க இஞ்ச இஞ்சினியர் எண்டு எனக்குத் தெரியும். ஏன் பிந்தி வாறீங்க எண்டும் தெரியும். அதை விடுங்க." மொப்பைப் பிழிந்தாள். "அந்தப் பக்கத்தால போங்கண்ணன். இது ஈரம், இண்டைக்குக் காயாது."

"ஏன் காயாது?"

"மறந்துட்டீங்களா? வெள்ளிக்கிழமை பின்னேரம் சூட்டை இறக்கிப்போடுவாங்கள்தானே. திங்கள் ஏழு மணிக்குத்தான் திரும்ப ஏறும். மற்ற நாளில இந்த மண்டபத்தைக் கடைசியாத்தான் துடைப்பன். திங்கக்கிழமை மட்டும் முதல். இல்லாட்டி எட்டு மணிக்கு ஆக்கள் வழுக்கி விழுவினம்."

மறக்கவில்லை. ஒன்பது வருசம் திங்கட்கிழமைகளில் விறைத்த விரல்கள் எனக்கு இருந்தன. ஆளில்லாத கட்டடத்தைச் சூடாக்கிக் காசைக் கரியாக்க மாட்டார்கள் என்பது துடைத்தவனுக்குத் தெரியும். எட்டு மணிக்கு வந்து கோப்பி ஊற்றுகிறவர்களுக்குத் தெரியாது. எட்டரைக்கு வரத் தொடங்கிய நாளில் இருந்து எனக்கும் தெரியாமல் போய்விட்டது.

கதவோரம் போய், கையுறையைக் கழற்றி, பனலின் முதுகில் கையை வைத்தேன். சுரீர் என்றது.

எங்களில் ஒருவரும் ஒருநாளும் வெறுங்கையால் அந்தப் பனல்களைத் தொட்டதில்லை. கண்ணாடி வெட்டும் என்று தடித்த கையுறை போட்டுத்தான் தூக்குவோம். அளக்கும்போது புரோகிராம் எடுத்துக்கொள்கிற வெப்பநிலை, உள்ளே ஃபிளாஷருக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கும் வெப்பமானியுடையது. அந்த அறைக்குத் தனிச் சூடு. அங்கே எப்போதும் இருபத்தொரு பாகை.

பனலின் முதுகில் உணரியை ஒட்டிப் பார்த்தேன். ஏழு பாகை.

விசயம் இவ்வளவுதான். கேர்வுக்கு n தனியாகத் தெரியாது, வெப்பநிலையும் தனியாகத் தெரியாது. இரண்டின் பெருக்கம்தான் தெரியும். வெப்பநிலையை நாங்கள் கூட்டிச் சொன்னால், பெருக்கத்தைச் சரிக்கட்ட n இறங்கியே ஆக வேண்டும். என் புரோகிராம் ஐந்து மாதம் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. பொய் சொன்னது சுவர்.

வோல்டேஜ் துள்ளியதும் இதனால்தான், குளிர்ந்த செல் வோல்டேஜைக் கூட்டித் தரும். புதிய பனல்கள் மட்டும் ஏன் என்பதும் அப்போதே வெளித்தது. பட்டியலில் புதியவை முதலில், திங்கள் எட்டு மணிக்கே மண்டபத்தில் இருந்து நேரே ஃபிளாஷருக்கு அடியில் போகும். பதினொரு மணிக்கு வேறு லொறி வரும் என்று பழையவற்றை ஃபிளாஷர் அறைக்குள் தூக்கி வைப்போம். அவற்றை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அளப்போம். அதற்குள் அவை சூடேறிவிடும். ஆக நாங்கள் ஒப்பிட்டது புதிய செல்லையும் பழைய செல்லையும் இல்லை. காலையையும் மத்தியானத்தையும்.

ஒரு புதிய பனலைத் தூக்கிப் போய் உடனே அளந்தேன். 0.97. ஒரு பழைய பனலையும் குளிரோடு அளந்தேன். 1.05 காட்டி வந்த வரிசை, இப்போது 1.00. இரண்டையும் ஃபிளாஷர் அறைக்குள்ளேயே சாத்தி வைத்தேன். எண்களை இரண்டு தரம் தாளில் எழுதினேன். திரும்பிப் பார்த்தால் வசந்தி வாசலில் நின்றாள்.

"என்னண்ணன், பிழைச்சுப் போச்சா?"

"இல்லைப் பிள்ளை. சரிவந்திட்டுது. நீதான் சரியாக்கினது."

அவள் நம்பவில்லை. "போங்கண்ணன்," என்று வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள்.

5. நடைமுறையை எழுதியவர்

இரண்டு மணிக்கு ஹில்டெயையும் செந்திலையும் ஃபிளாஷருக்குப் பக்கத்தில் நிற்க வைத்தேன். பனல்களின் முதுகு இருபத்தொரு பாகைக்கு வந்திருந்தது. காலையில் அளந்த அதே இரண்டையும் திரும்ப அளந்தேன். புதியது 1.02. பழையது 1.05. வோல்டேஜும் இறங்கி, இரண்டுக்கும் நடுவில் மிச்சமிருந்தது ஒரு மயிரிழை.

செந்தில் வெறுங்கையால் பனலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சுவர் வெப்பமானியைப் பார்த்தார். "லாக் பண்ணியிருந்தா இது வெளியவே வந்திருக்காது, இல்ல சார்?"

ஹில்டெ சுவர்ப் பக்கம் போனார். சட்டகத்தில் தொங்கிய நடைமுறைத் தாளைக் கழற்றினார். 'ஒரு நாள் கட்டடத்துக்குள் நிற்க வேண்டும்' என்ற வரியைப் பேனையால் வெட்டினார்.

"இதை எழுதினது நான்," என்றார். "ஒரு கோடைகாலத்தில எழுதினனான். கம்பனிக்கு நானே ஃபோன் எடுக்கிறன்."

எடுத்தார். கதவு திறந்தே இருந்தது. மறுமுனையில் அந்த மனிதர் முதலில் கத்தினார், பிறகு கெஞ்சினார். அந்த வோல்டேஜை நம்பி அவர் எத்தனை பேருக்கு வாக்குக் கொடுத்தாரோ. எனக்கு அவரில் பாவமாக இருந்தது. ஹில்டெ குரலை உயர்த்தவில்லை.

"உங்கட புதுச் செல் நல்லதுதான். கொஞ்சம்தான் நல்லது. அந்தக் கொஞ்சத்தைத்தான் நான் எழுதலாம். மூண்டு தொகுதியையும் திரும்ப அளந்து தாறம்."

ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எப்பிடி யோசிச்சனீங்கள்? நாங்கள் ஏழு பேர் இருந்தும் ஒருத்தருக்கும் தோன்றேல்லையே."

சமன்பாட்டில் இருந்து பிடித்தேன் என்று சொல்லியிருக்கலாம். கெட்டிக்காரத்தனமாக இருந்திருக்கும். வாய் வரைக்கும் வந்தது.

"காலமை இந்தக் கட்டடத்தைத் துடைக்கிற வசந்தி சொன்னவ, திங்கட்கிழமையில நிலம் காயிறேல்லை எண்டு," என்றேன். "எனக்கு அது உடனே விளங்கினது, நானும் ஒன்பது வருசம் துடைச்சபடியால்தான்."

செந்தில் தலை நிமிர்ந்தார். ஹில்டெ முகத்தில் மாற்றம் ஒன்றும் இல்லை. புதிய நடைமுறைத் தாளை எடுத்து, முதல் வரியாக எழுதினார்: பனலின் முதுகில் உணரியை ஒட்டாமல் அளக்கக் கூடாது. இரண்டாவது வரி: வெள்ளிக்கிழமை வரும் பனல்களை அன்றே ஃபிளாஷர் அறைக்குள் எடுக்க வேண்டும், நேரம் எதுவானாலும். அந்த இரண்டாவது வரிக்காக எத்தனை பேர் என்னைச் சபித்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

இளையவர்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள இரண்டு விசயம் உண்டு. கன்வேர்ஜ் ஆனது என்றால் புரோகிராம் நின்றுவிட்டது என்பது மட்டுமே அர்த்தம். சரியான இடத்தில் நின்றதா என்பதை நீங்கள்தான் எழும்பிப் போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும். மற்றது, எங்கே இருந்து தொடங்கினீர்கள் என்பதை ரிப்போட்டில் மறைக்காதீர்கள். தொடக்க மதிப்புகளை எழுதாமல் முடிவை மட்டும் கொண்டுவருகிறவர்களின் தாளை ஓய்வு பெறும் வரை நான் திருப்பி அனுப்பினேன்.

அடுத்த மாதம் ஹில்டெ நிரந்தர வேலைக்கான படிவத்தை மேசையில் வைத்தார். முந்தைய அனுபவம் என்ற கட்டத்தில் என் பழைய விண்ணப்பத்தில் இருந்தபடி 'சேவைத் துறை' என்று ஏற்கெனவே அச்சடித்திருந்தது. அதை வெட்டிவிட்டு, 'துப்புரவுத் தொழிலாளி, ஒஸ்லோ, ஒன்பது ஆண்டுகள்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். மறுநாள் ஏழரைக்கே வேலைக்கு வந்து, இரண்டு கோப்பி ஊற்றிக்கொண்டு, வசந்தி துடைக்கும் பின்பக்க மண்டபத்துக்குப் போனேன்.